பிரஷர் மாத்திரையை அப்பா நிறுத்திவிட்டார், கால் வீங்குகிறது என்கிறார்

தாமிரபரணிக்கரை (ஓசூர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, அம்மாவோடு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். சில வருடங்களாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தார். பிரஷர் 160-ஐ விட்டு இறங்காததால் டாக்டர் சமீபத்தில் அதை 10 ஆக்கினார். அதிலிருந்து இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்ததும் பாதி வடிந்துவிடும்.

இப்போது யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். டப்பாவில் மாத்திரை குறையவே இல்லையே என்று அம்மா பார்த்ததில்தான் தெரிந்தது. நிறுத்திய இரண்டாம் நாள் வீட்டு மெஷினில் 138/84 காட்டியிருக்கிறது. "மாத்திரை இல்லாமலே நார்மல்தான், பிறகு எதுக்கு?" என்கிறார். இந்த மாத்திரையெல்லாம் நாள்பட்டால் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அத்தை வேறு சொல்லி வைத்திருக்கிறார். தினமும் முருங்கைக்கீரை சூப் குடிக்கிறார், நடக்கிறார், சுகர் இல்லை.

போனில் நான் சொன்னால் சண்டையாகத்தான் முடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வீக்கம் ஆபத்தா? 138 என்பது உண்மையிலேயே நார்மலா? அவரிடம் எப்படிப் பேசுவது?

மருந்துக்கடை_மதுரை

தம்பி, மருந்தாளுநராகப் பல வருடம் கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்லோடிபினுக்கும் கால் வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு எல்லா டாக்டருக்கும் தெரிந்த ஒன்று. அப்பா கற்பனை செய்யவில்லை. அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். "வீக்கமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மருந்தின் அளவு கூடக்கூட இந்த வீக்கமும் கூடும். மருந்தோடு வரும் தகவல் தாளில் 5 மி.கி. எடுப்பவர்களில் 100 பேருக்கு 3 பேர், 10 மி.கி. எடுப்பவர்களில் 100 பேருக்குக் கிட்டத்தட்ட 11 பேர் என்று போட்டிருக்கிறது. பெண்களுக்கு இன்னும் அதிகம். காரணம் இதுதான். இந்த மருந்து சின்னத் தமனிகளை விரித்துவிடுகிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வயலில் மேல் மடையை அகலத் திறந்து கீழ் மடையை அப்படியே விட்டால் வரப்போரம் நீர் கசியும் அல்லவா, அதே கதைதான். உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்து வருகிற வீக்கம் இல்லை என்பதால், நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. சிலர் கடையில் வந்து தாங்களாகவே அந்த மாத்திரையைக் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

அடுத்தது, அந்த 138/84. அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். முழுதாக வெளியேற ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே இரண்டாம் நாள் வந்த எண் மாத்திரை இல்லாமல் வந்த எண் அல்ல. உள்ளே மிச்சமிருந்த மாத்திரை காட்டிய எண் அது. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பழைய 160 திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தலைவலி, மயக்கம் என்று எதுவுமே இருக்காது, அதுதான் கஷ்டம்.

டாக்டரிடம் போனால் வழிகள் இருக்கின்றன. அம்லோடிபினை மறுபடி 5-க்கு இறக்கி டெல்மிசார்டன் மாதிரி இன்னொரு வகையைச் சேர்ப்பார்கள். அந்த வகை மருந்து வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். ஒரே மாத்திரையை இரட்டிப்பாக்குவதைவிட, இரண்டு வகைகளைச் சின்ன அளவில் சேர்த்தால் பிரஷர் நன்றாக இறங்கும். அம்லோடிபினுக்குப் பதிலாக சில்னிடிபினுக்கு மாற்றுவதும் உண்டு, அதில் வீக்கம் குறைவு. எது என்பதை அவரைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, முகமும் வீங்கினாலோ அதை மாத்திரை கணக்கில் எழுதிவிடாதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

வைகைப்புயல்

எங்கள் மாமாவுக்கும் இதே வீக்கம்தான். மருந்தை மாற்றியதும் கொஞ்ச நாளில் வடிந்துவிட்டது. பயப்பட வேண்டாம் நண்பா, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

செவிலியர்_தஞ்சை

138/84 நார்மலா என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் எடுத்தால் 140/90 என்பதுதான் எல்லை. ஆனால் வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எடுக்கும்போது எண் கொஞ்சம் குறைவாகவே வரும், அதனால் வீட்டுக் கணக்கில் எல்லை 135/85. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஏதாவது ஒன்று தாண்டினாலும் கூடுதல் என்றுதான் அர்த்தம். அப்படிப் பார்த்தால் மாத்திரை இன்னும் உள்ளே இருக்கும்போதே உங்கள் அப்பாவின் மேல் எண் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், எப்படி எடுத்தார்? நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓ.பி.யில் தினமும் பார்த்த காட்சி இது: படியேறி மூச்சு வாங்க வந்து உட்காருவார்கள், கால் ஸ்டூலிலிருந்து தொங்கும், முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு அதற்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள், கை மடியில் கிடக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இப்படி எடுத்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது.

டீ, காபி, பீடி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும்போது எடுக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டை நேரடியாகத் தோலில், நெஞ்சு உயரத்தில், கைக்கு அடியில் மேஜையோ தலையணையோ இருக்க வேண்டும். மெஷின் ஓடும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுத வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பு, பிறகு சாயங்காலம். இப்படி ஒரு வாரம் எழுதி, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பார்ப்பார்கள். பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகம்.

ஒரு நோட்டை அப்பா கையில் கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் போனில் சொல்லும் நூறு வார்த்தையைவிட அவரே எழுதிய எண் அவருக்கு உறைக்கும்.

பாரம்பரியன் (கோபி)

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், மறுபக்கமும் பேசப்பட வேண்டும் என்று எழுதுகிறேன். ஒருமுறை ஆரம்பித்தால் சாகும்வரை மாத்திரை. ஒன்றில் தொடங்கி இரண்டாகும், மூன்றாகும். முன்பு 140 வரை நார்மல் என்றார்கள், 2017-ல் அமெரிக்காவில் அதை 130 ஆக்கினார்கள். ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் நோயாளி ஆனார்கள். இதில் மருந்துக் கம்பெனிகளுக்கு லாபம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் தாத்தா ஒரு மாத்திரையும் தொடாமல் 90 வயதைத் தாண்டி வாழ்ந்தார். உணவே மருந்து என்று வாழ்ந்த மண் இது. உப்பைக் குறைத்து, நடந்து, கீரை சாப்பிட்டு, சித்த வைத்தியரிடம் போனால் சரியாகும் என்பது என் நம்பிக்கை.

செவிலியர்_தஞ்சை

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் எல்லையை இறக்கியது உண்மை. அதைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது, இப்போதும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் மருந்து தொடங்க 140/90 என்ற பழைய எல்லையையே வைத்திருக்கிறது. ஆனால் இழையைத் தொடங்கியவரின் அப்பாவுக்கு 130-ஆ 140-ஆ என்ற சந்தேகமே இல்லையே. மாத்திரை சாப்பிட்டும் 160-ல் நின்றவர் அவர்.

உப்பு, நடை, எடை, புகை, மது எல்லாவற்றிலும் நீங்கள் சொல்வது சரி. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு. நம் வீட்டில் குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு வழியாக அதைவிட அதிகமாக உள்ளே போகிறது. இதைச் சரிசெய்து மாத்திரை அளவு குறைந்தவர்களும் உண்டு, லேசான பிரஷரில் மாத்திரையே தேவைப்படாமல் போனவர்களும் உண்டு. ஆனால் முதலில் எண் இறங்க வேண்டும், பிறகு டாக்டர் குறைப்பார். மாத்திரையை நிறுத்திவிட்டு எண் இறங்கக் காத்திருப்பது தலைகீழ் வரிசை.

நாட்டு மருந்து பற்றி ஒரு வரலாறு சொல்கிறேன். பலருக்கு இது தெரிவதில்லை. நம் நாட்டு சர்ப்பகந்தா வேரைத்தான் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர் பிரஷர் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1967-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கீழ் எண் 115-க்கு மேல் இருந்த முன்னாள் ராணுவத்தினர் 143 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 73 பேருக்கு ரிசர்பின் உள்ளிட்ட மூன்று மருந்துகள், 70 பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடுமையான பாதிப்புகள் வந்தன. மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு மட்டுமே. பிரஷருக்கு மருந்து கொடுத்தால் உயிர் காக்கும் என்று உலகமே ஒப்புக்கொண்டதில் நம் ஊர் வேருக்கும் பங்கு உண்டு. அளவு கூடினால் அதே ரிசர்பின் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதையும் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள், அதனால்தான் இன்று அதை அதிகம் எழுதுவதில்லை.

அதற்கு முன்பு எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1941-லேயே 188/105 இருந்தது. நாட்டின் தலைவருக்கே உப்புக் குறைப்பு, ஓய்வு, தூக்க மருந்து, இதயத்துக்குக் கொடுக்கும் டிஜிட்டலிஸ் என்பதைத் தாண்டிக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு வந்து இறந்தபோது அவருக்கு 300/190. இன்றைக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை அன்று அவருக்குக் கிடைக்கவில்லை.

சித்த வைத்தியரிடம் போவது தவறில்லை. ஆனால் என்னென்ன ஆங்கில மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை அவரிடமும், என்ன சூரணம் எடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடமும் சொல்லுங்கள். இருமலுக்கும் தொண்டைக்கும் வீட்டில் சாதாரணமாக எடுக்கும் அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இது பலருக்குத் தெரியாது.

பாரம்பரியன் (கோபி)

சிஸ்டர், பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. அதிமதுரம் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் வீட்டிலேயே ஒருவர் தினமும் அதைப் பாலில் போட்டுக் குடிக்கிறார், சொல்லிவிடுகிறேன். கம்பெனி லாபம் பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் 160 வைத்திருப்பவர் தானாக நிறுத்தக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லாக் குளிசையும் (மாத்திரையும்) அம்லோடிபின் மாதிரி மெதுவாக வெளியேறாது. எங்கட அம்மா அற்ரனலோல் எடுத்துக்கொண்டிருந்தவ. மாதா மாதம் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொப்பியைக் காட்டி இலவசமாக எடுப்போம். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போன இடத்தில் குளிசை முடிந்துவிட்டது. ஊருக்குப் போய் எடுப்பம், இரண்டொரு நாள்தானே என்று அம்மா விட்டுவிட்டா. நெஞ்சு படபடத்து, நெஞ்சு நோ வந்து, கலியாண வீட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரி வாட்டில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கடவுள் புண்ணியம், தப்பிவிட்டா.

அற்ரனலோல், மெற்றோபுரோலோல், புரோப்பிரனலோல் போன்ற லோல் என்று முடியும் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, குறைப்பதென்றாலும் படிப்படியாகத்தான் என்று அங்கே டொக்டர் சொன்னார். இதய வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்தாம். குளோனிடின் என்ற பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான், நிறுத்தினால் பிரஷர் பழையதைவிட மேலே எகிறும் என்றார். பயணம் போனால் குளிசையைக் கைப்பையில் கொண்டுபோங்கள், பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கொப்பியின் படம் ஒன்றும் போனில் இருக்கட்டும்.

சேலத்தான்

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். அத்தை சொன்ன கிட்னி விஷயத்துக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுகரையோ பிரஷரையோ பல வருடம் கவனிக்காமல் விட்டவர்கள். கிட்னியில் இருப்பது நுண்ணிய ரத்தக் குழாய்க் கொத்துகள். கூடுதல் அழுத்தம் வருடக்கணக்கில் அவற்றைத் தழும்பாக்குகிறது. ராமிபிரில், எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன் இந்த வகை மருந்துகள் பிரஷரோடு கிட்னியையும் சேர்த்துக் காப்பாற்றும். சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு முதலில் எழுதுவதே இவற்றைத்தான்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். இந்த மருந்துகளைத் தொடங்கியதும் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) லேசாக ஏறலாம். பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறினாலும் டாக்டர்கள் பொதுவாக மருந்தைத் தொடரச் சொல்வார்கள். அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் ஏறினாலோ நிறுத்தி ஆராய்வார்கள். அதற்காகத்தான் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த டெஸ்டை விட்டுவிட வேண்டாம்.

கிட்னியை நிஜமாகக் கெடுப்பது பெரும்பாலும் வேறு மாத்திரை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் என்று கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். இவை பிரஷரையும் ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கிட்னி தாங்காது. எங்கள் பெட்டில் படுத்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் இந்த வலி மாத்திரைக் கதை திரும்பத் திரும்ப வருகிறது, மனசு கனத்துப்போகும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, தைலம் தடவலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உப்பில் இரண்டு ஏமாற்றம் உண்டு. இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்கிறார்கள், ஆனால் அதுவும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கிட்னி சரியாக உள்ள பலருக்கு அது நல்லதுதான். ஆனால் கிட்னி பலவீனமானவர்களும், டெல்மிசார்டன், ராமிபிரில் வகை எடுப்பவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கிட்னி நோயாளிக்கு இளநீரும் அதே காரணத்துக்காகத்தான் கூடாது.

மருந்துக்கடை_மதுரை

சேலத்தார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ராமிபிரில், எனலாபிரில் வகையில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும், நம் ஆசியர்களுக்கு அது கூடுதல். மாதக்கணக்கில் இருமல் சிரப்பாக வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டால்தான் காரணம் தெரியும். டெல்மிசார்டன், லோசார்டன் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் உதடோ நாக்கோ திடீரென வீங்கினால் அது அவசரம், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கோவைப்பெண்

எனக்கு 29 வயது. டெல்மிசார்டன் எடுக்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். மாமியாரிடம் பிரஷர் இருப்பதையே சொல்லவில்லை. இங்கே கேட்கலாம் என்று தோன்றியது.

செவிலியர்_தஞ்சை

கண்ணு, இதைத் தள்ளிப்போடாதே. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிபிரில், எனலாபிரில் எதுவும் கர்ப்பத்தில் கூடாது. குழந்தையின் கிட்னியைப் பாதிக்கும், பனிக்குட நீர் குறையும். கர்ப்பம் உறுதியாவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவை கர்ப்பத்தில் நீண்ட காலமாகப் பயன்படுகின்றன. நீயாக நிறுத்திவிட்டு மருந்தே இல்லாமல் இருக்கவும் கூடாது. நாள் தள்ளிப்போனதாகத் தோன்றினால் அன்றே டாக்டரைக் கூப்பிடு. வீட்டில் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது, பேறுகாலம் முழுக்க பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கணவரைப் பேசச் சொல்.

தாமிரபரணிக்கரை (ஓசூர்)

எல்லாருக்கும் நன்றி. வார இறுதியில் ஊருக்குப் போய் வந்தேன். வீக்கம் உண்மைதான், மாத்திரையால்தான் என்று நானே முதலில் சொன்னதும் அப்பா சற்று இறங்கி வந்தார். சிஸ்டர் சொன்ன மாதிரி நோட்டு வாங்கிக் கொடுத்தோம். அவரே எழுதிய எண்கள் 150-களில் ஆரம்பித்து மேலே மேலே போயின. அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவே வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் காலை விரலால் அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார். இப்போது அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40. இரண்டும் சேர்ந்தே ஒரே மாத்திரையாக வருகிறது. இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் பார்க்க வரச் சொன்னார்.

அம்மா ஒரு வாரத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போட்டு வைப்பார். இதையும் அப்படி வைக்கலாமா?

மருந்துக்கடை_மதுரை

இதை மட்டும் உரிக்க வேண்டாம். டெல்மிசார்டன் காற்றின் ஈரத்தை இழுக்கும், விழுங்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். அட்டையைக் கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக, மூடி கிழியாமல் வெட்டி டப்பாவில் போடச் சொல்லுங்கள். அடுப்பங்கரை அலமாரியும் வேண்டாம்.

பழைய அம்லோடிபின் 10 அட்டை மிச்சமிருந்தால் உடனே வீட்டிலிருந்து அகற்றுங்கள். வயதானவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். ஒரு டாக்டர் எழுதிய டெல்மிசார்டனையும், வேறு டாக்டர் வேறு பெயரில் எழுதிய அதே டெல்மிசார்டனையும் சேர்த்து விழுங்கி, படுக்கையிலிருந்து எழுந்ததும் மயங்கி விழுந்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

செலவு பாரமாக இருந்தால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இதே மருந்து மிகக் குறைந்த விலையில் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஓசூர்ப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கியது. அம்பாசமுத்திரத்தில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

கீழக்கரை_நண்பன்

மாத்திரையை இரவில் போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? ரமலான் நோன்பில் என்ன செய்வது? வாப்பா காலை ஒன்று, இரவு ஒன்று எடுக்கிறார்.

செவிலியர்_தஞ்சை

பிரிட்டனில் 21,000-க்கு மேற்பட்டோரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த டைம் என்ற ஆய்வு 2022-ல் வந்தது. காலையில் எடுத்தாலும் இரவில் எடுத்தாலும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. மறக்காமல் எடுக்க முடிகிற நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம். நீர் பிரியும் மாத்திரை மட்டும் காலையில், இல்லாவிட்டால் ராத்திரி எழுந்து எழுந்து போகும்போது வழுக்கி விழுவார்கள்.

நோன்புக்கு, பிறை தெரிவதற்கு ஓரிரு வாரம் முன்பே டாக்டரிடம் போங்கள். நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரைகளை ஸஹருக்கோ (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரம்) நோன்பு திறந்த பிறகோ மாற்றித் தருவார். நீர் மாத்திரை இருந்தால் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும், வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றும். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

காரைக்குடி_மருமகன்

மாமனாருக்குப் போன வருடம் ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின், இதயத்துக்கு மெட்டோப்ரோலால் எடுக்கிறார். பல் பிடுங்க வேண்டும், ரத்தம் நிற்காது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டதால் கொழுப்பு மாத்திரையும் இனி வேண்டாம் என்கிறார் அவர்.

மருந்துக்கடை_மதுரை

பல் டாக்டரிடம் ஸ்டென்ட் இருப்பதையும் மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தாமலே செய்வார்கள், பஞ்சு வைத்து அழுத்தி, தேவையென்றால் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அதை அப்படி நிறுத்த முடியாது. உறைந்தால் மாரடைப்புதான்.

ரோசுவாஸ்டாட்டின் கொலஸ்ட்ரால் எண்ணுக்காக மட்டும் கொடுப்பதில்லை. குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் பாதுகாக்கவும்தான் அது. எண் நார்மல் ஆனது அந்த மாத்திரையால். உடம்பெல்லாம் தசை வலி வந்தாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள்.

வெட்கப்படாமல் ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வீட்டில் இருப்பவர்கள், ஆண்மைக்கு விற்கும் சில்டெனாஃபில் வகையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகும்.

கோவைப்பெண்

சிஸ்டர், டாக்டரைப் பார்த்தாயிற்று, லபெட்டலால் மாற்றிக் கொடுத்தார். கணவரும் கூட வந்தார். இன்னொரு கேள்வி, எங்கள் அம்மாவுக்காக. டெல்மிசார்டனோடு நீர் மாத்திரையும் எடுக்கிறார். நேற்றிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இன்றைக்கும் மாத்திரை கொடுக்க வேண்டுமா?

செவிலியர்_தஞ்சை

இன்றைய மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பு டாக்டரை இப்போதே போனில் கூப்பிடு. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் அதிகமாக இறங்கும், கிட்னிக்கும் அடி. இப்படிப்பட்ட நாட்களில் இந்த இரண்டையும் ஓரிரு நாள் நிறுத்தி வைத்து, சாப்பாடும் தண்ணீரும் நன்றாக இறங்கிய பிறகு தொடரச் சொல்வது வழக்கம். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் அதையும் சேர்த்துக் கேள். எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள், நிறுத்தியது அப்படியே நின்றுபோகக் கூடாது.

வயதானவர்களுக்கு நீர் மாத்திரையில் சோடியமும் இறங்கும். குழப்பமாகப் பேசினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடு. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்வது அதற்காகத்தான்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். கொடுக்கலாம். பிரஷர்காரர், உப்பு ஆகாது என்று வயிற்றுப்போக்கு நேரத்தில் அதைத் தவிர்க்கக் கூடாது. பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. இதயம் பலவீனமானவரோ கிட்னி நோய் உள்ளவரோ என்றால் மட்டும் எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.